ஆறு ஓணான்களும் ஒரு பெட்டி மணலும்

பழவேற்காடு,
ஆடி மாதம் பத்தாம் நாள்

தோணிரேவில் வலையும் பிள்ளைகளுமாக நலமாய் இருக்கும் மச்சான் சுப்பராயலு அவர்களுக்கு, தங்கள் தங்கை கஸ்தூரியம்மாளைக் கட்டிய சின்னதம்பி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். என் வயிறுதான் எரிகிறது.

போன வாரம் பாரசீகத்திலிருந்து வந்த ஒல்லாந்தர் கப்பலின் சரக்கை என் படகில் கரைசேர்த்தேன். அதில் கம்பி மூடி போட்ட மணல் பெட்டி ஒன்று. உள்ளே பாலைவனத்து ஓணான் ஆறு இருக்கிறது, பத்திரம் என்று சொல்லிவிட்டுக் கப்பல் வைத்தியர் அதே கப்பலில் பத்தாவிக்குப் போய்விட்டார். கோட்டையில் துரை எட்டிப் பார்த்தால் வெறும் மணல். துரை பேசுவதைத் தமிழில் சொல்லும் துபாஷி சம்பந்தம், "இன்னாடா, ஆறையும் எங்க வுட்ட? மண்ணுக்குள்ள கீதானு துரை கேக்கறாரு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மண்ணுல பொதையறது நண்டு சாமி. ஓணான் வேலில ஏறும். மீன் புடிக்கறவனுக்குத் தெரியாதா?" என்றேன். அப்படியானால் நீதான் விட்டுவிட்டாய் என்று சொல்லி, என் வலையைப் பிடுங்கிக்கொண்டு, பெட்டியை என் தலையில் கட்டி, ஆறையும் பிடித்து வந்தால்தான் வலை என்று அனுப்பிவிட்டார்கள். வரும் வெள்ளிக்கிழமை ஏரியில் வலைபோட எனக்குப் பாடு. அந்த முறையை விட்டால் அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான். அதுவரை உங்கள் மருமக்கள் எதைத் தின்பார்கள்? "நீ இன்னாத்துக்கு அவங்க கால்ல வுழற? வுடாத!" என்கிறாள் உங்கள் தங்கை. நான் விழமாட்டேன். பீரங்கியைத் திருப்பினாலும் விழமாட்டேன். வியாழக்கிழமை நாலு ஊர்த் தலைவர்களான நாட்டார்களையும் கூட்டிக்கொண்டு கோட்டை வாசலுக்கு வாருங்கள். என் வலை வரும்வரை ஒரு படகும் அவர்கள் சரக்கைத் தொடக்கூடாது. பெட்டியும் திரும்பப் போகாது, அதில் கஸ்தூரியம்மாள் துளசி நடப்போகிறாள்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் வலையின் மடி கிழிய இறால் விழட்டும்.

இப்படிக்கு,
எவனுக்கும் தலைவணங்காத
சின்னதம்பி

மறுபடியும்: கோட்டைக் கணக்கர்கள் செய்வதுபோல, மை காயக் கடிதத்தில் தூவலாம் என்று பெட்டி மணலில் ஒரு பிடி அள்ளினேன். உள்ளேயிருந்து இரண்டு கண் என்னைப் பார்த்தது. கிளறி எண்ணினேன், ஆறும் இருக்கின்றன. நாட்டார்கள் வரவேண்டாம். நீங்கள் மட்டும் கொஞ்சம் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டு உடனே வாருங்கள், ஒரு வாரப் பட்டினி. ஊரெல்லாம் அலைந்து நானே பிடித்ததாகத் துரையிடம் சொல்லப் போகிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஓணான்களிடம் கேட்டாகிவிட்டது.