இருபத்திரண்டு முக்காடுகளும் ஓர் இஞ்சு டேப்பும்

கில்காரோ,
11 அக்டோபர் 1954

பாஸ்டன் பட்டணத்தில் டிராம் மணியை அடித்து அடித்துக் காது மந்தமாகிவிட்டதாக எழுதியிருந்த என் அன்பு அண்ணன் கோல்மன் மானியன் அவர்களுக்கு, பேராயர் ஆண்டகையின் கார் ஓட்டியும் தங்கள் தம்பியுமான ஃபெஸ்டஸ் முழங்காலில் நின்று எழுதிக்கொள்வது. முழங்காலில் நிற்பது மரியாதைக்காக அல்ல. வீட்டிலிருக்கும் இரண்டு நாற்காலிகளிலும் என் வீட்டுக்காரி பெக் ஈரத்துணி போட்டிருக்கிறாள். சேசு மரி சூசை புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். அங்கே தாங்களும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். போன வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கிளாரா கன்னியர் மடத்தின் உள்கட்டில், ஆண்டகை கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, எண்பத்து மூன்று வயதான ஒரு கன்னியாஸ்திரீயைப் பார்த்து நான் கண்ணடித்துவிட்டேன். இதை இந்த மறைமாவட்டத்தில் எந்தச் சாமியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வழியில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுவார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கூண்டுக்குள் அவர்கள் சிரிக்கிற சத்தம் வெளியே வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடுமே. அதனால்தான் கடல் கடந்து தங்களிடம் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் மூல காரணம் தாங்கள்தான் அண்ணா. ஈஸ்டருக்கு ஒரு கடிதம் போட்டீர்களே, "அம்மா முகம் எனக்கு மறந்துபோச்சு ஃபெஸ்டஸ், போட்டோ ஒண்ணுகூட எடுக்காம விட்டுட்டோம், உனக்காவது ஞாபகம் இருக்கா?" என்று. அதைப் படித்துவிட்டு மூன்று நாள் முயற்சி செய்தேன். அம்மாவின் கை ஞாபகம் வருகிறது, மாவு ஒட்டிய கை. குரல் வருகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அடுப்புப் புகை மாதிரி ஏதோ நிற்கிறது. அப்புறம்தான் பொறி தட்டியது. நம் தங்கை டெலியா பத்தொன்பது வயதில் மடத்துக்குப் போனபோதே ஊர் முழுக்க அவளை அம்மாவின் அச்சு என்றது. இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து. அம்மா கண் மூடியதும் நாற்பத்தைந்தில். அப்படியானால் அந்த மடத்துக்குள் ஒரு முக்காட்டுக்குப் பின்னால் அம்மா அப்படியே இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? அதைப் பார்த்துத் தங்களுக்கு எழுதாமல் நான் எதற்கு இந்த ஊரில் இருக்கிறேன்?

வருடத்துக்கு நான்கு முறை நான் டெலியாவோடு பேசுகிறேன், இல்லையென்று சொல்லவில்லை. பேசுவது ஒரு கம்பிக் கிராதியோடு. கிராதிக்குப் பின்னால் கறுப்புத் திரை, திரைக்குப் பின்னால் முக்காடு, முக்காட்டுக்குப் பக்கத்தில் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருமுவதற்கென்றே ஒரு துணை சிஸ்டர். இருபத்தாறு வருஷமாகக் குரல் மட்டும்தான். உள்கட்டுக்குள் ஆண் யாரும் போகக் கூடாது. மடத்தைப் பார்வையிட வரும் பேராயர் போகலாம், அவருக்குத் துணையாக ஒருவர் போகலாம். அந்தத் துணை வழக்கமாக அவருடைய செயலாளர் டெவேன் சாமி. அவர் வேலை இஞ்சு டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது.

ஏனென்றால் நம் ஆண்டகை அளப்பார். வேறு ஆயர்கள் மடங்களுக்குப் போனால் ஆசீர் கொடுத்துத் தேநீர் குடித்து வருவார்கள். இவர் கிராதிக் கம்பிகளுக்கு நடுவே எத்தனை விரல் நுழையும் என்று பார்ப்பார், திரையைத் தொட்டுப் பார்த்து "இது மெல்லிசா இருக்கே" என்பார். பல் பிடுங்க டாக்டரிடம் போக அனுமதி, வானொலிப் பெட்டி வைக்க அனுமதி, கோழி வளர்க்க அனுமதி என்று எல்லா மடங்களிலிருந்தும் தாள் வந்து குவியும். ஒரு நாளைக்கு முப்பதில் கையெழுத்துப் போடுவார். போட்டதும் மறந்துவிடுவார். அளவு மட்டும் மறக்காது. ஏழு வருஷத்துக்கு முன் அளந்த ஜன்னலைக் கேட்டாலும் அங்குலம் பிசகாமல் சொல்வார்.

ஆகவே ஒரு நாள் காரில் போகும்போது ஆரம்பித்தேன்.

"ஆண்டகை, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"நீ அப்படி ஆரம்பிச்சா தப்பாத்தான் இருக்கும். சொல்லு."

"கிளாரா மடத்துச் சுவர் குட்டையா இருக்கறாப்ல இருக்கு. ரொட்டி வேன் மேல ஏறி நின்னா உள்ள முட்டைக்கோஸ் பாத்தி தெரியுது."

"ரொட்டி வேன் மேல யாரு ஏறுனது?"

"நான்தான், ஆண்டகை. சோதிச்சுப் பாக்கறதுக்கு."

"முட்டைக்கோஸ் மட்டும்தான் தெரிஞ்சுதா?"

"ஒரு கோழியும்."

அவர் கை தானாகப் பையிலிருந்த டேப்பைத் தேடியதைக் கண்ணாடியில் பார்த்தேன். மிச்சமிருந்தது டெவேன் சாமி. அவருக்குப் பிசாசைக் கண்டால்கூட அவ்வளவு பயமில்லை, வாத்தைக் கண்டால்தான் பயம். "சாமி, உள்ள ரெண்டு பெரிய வாத்து வளக்கறாங்களாம். கறுப்பு அங்கியக் கண்டா விடாதாம்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். வியாழக்கிழமை காலை அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"அப்ப மறுமுனையை யாரு புடிக்கிறது?" என்றார் ஆண்டகை.

"யாராவது கிடைக்காமலா போவாங்க, ஆண்டகை?" என்று நான் வானத்தைப் பார்த்தேன்.

இப்படியாக, முகம் கழுவி, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை வயிற்றை எக்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனேன் அண்ணா. முன்னால் ஒரு சிஸ்டர் கைமணி ஆட்டிக்கொண்டு நடக்கிறார், ஆண் வருகிறான் ஒதுங்குங்கள் என்று. மாட்டுக்கு மணி கட்டுவார்களே, அந்த மரியாதை எனக்கு. தாழ்வாரத்தில் இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். இருபத்திரண்டு பேருக்கும் மார்புவரை கறுப்பு முக்காடு. ஒரே உயரம் மாதிரி, ஒரே அகலம் மாதிரி. நான் இருபத்தாறு வருஷம் காத்திருந்து ஒரு துணிக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

ஒவ்வொருவராக மண்டியிட்டு ஆண்டகையின் மோதிரத்தை முத்தமிட்டார்கள். முத்தமிடும்போது முக்காட்டை இரண்டு விரலால் தூக்குவார்கள், மோவாய் மட்டும் தெரியும். சரி, மோவாயை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று குனிந்து குனிந்து பார்த்தேன். எட்டாவது மோவாய் வரும்போதுதான் எனக்கு உறைத்தது, அம்மாவுக்கு மோவாயில் குழி இருந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது. அண்ணா, தங்களுக்குத் தெரியுமா?

பதினான்காவது ஆள் இடது காலை ஊன்றி நின்றார். டெலியா சின்ன வயதில் கழுதை மிதித்ததிலிருந்து அப்படித்தான் நிற்பாள். பேசக் கூடாது, தொடக் கூடாது. கண்ணடித்தேன்.

"கண்ணுல என்ன ராசா, தூசியா?" என்று அந்த முக்காடு ஊர் கேட்கக் கேட்டது. காது கேட்காத கிழவி. "பாய்லர் பாக்க வந்த புள்ளதானே நீ? மூணாவது குழாய்தான் ஒழுகுது, அதப் பாரு!"

ஆண்டகை திரும்பினார். என் கையிலிருந்து டேப்புப் பெட்டி நழுவி விழுந்தது. அது சும்மா விழவில்லை. மெழுகு போட்ட தரையில் தாழ்வாரத்தின் கடைசிவரை உருண்டது, பின்னால் டேப் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டே போனது. அந்த நிமிஷம்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. டெலியா சத்தமில்லாமல் தோளால் சிரிப்பவள். தோள் குலுங்குகிறவள் எவளோ அவள்தான். நிமிர்ந்து பார்த்தேன். இருபத்திரண்டு ஜோடித் தோள்களும் குலுங்கின.

அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? தோட்டத்தில் சுவரை அளந்தோம். ஒன்பதடி நாலங்குலம். ரொட்டி வேனை மனதில் வைத்து ஆண்டகை பதினோரடியாக்கச் சொல்லிவிட்டார். திரும்பும்போது காரில், பாலம் தாண்டியதும் ஆண்டகை கேட்டார்:

"உன் தங்கச்சி அங்கதானே இருக்கா?"

எனக்கு ஸ்டீயரிங் வழுக்கியது. "ஆமா, ஆண்டகை."

"எது?"

"தெரியலீங்க."

ஒரு மைல் போயிருக்கும். "எனக்கும் தெரியல. நான் மோதிரத்தைத்தான் நீட்டறேன்" என்றார். அவர் அளவு சொல்லாமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

நேற்று, ஞாயிறு, கிராதிக்குப் போனேன். கொத்தனார்கள் சுவருக்குச் சாரம் கட்டிவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து டெலியா பொரிந்தாள்: "எந்த வேலையத்தவன் ஆண்டகைகிட்டப் போயி சுவர் குட்டைன்னு சொன்னானோ! இனிமே முட்டைக்கோஸ் பாத்திக்கு வெயிலே வராது. அவனுக்காகவும் செபிக்கச் சொல்லிருக்காங்க."

"நல்லா செபி டெலியா. அவனுக்குத் தேவைதான்" என்றேன். "வியாழக்கிழமை நீ வரிசைல எத்தனாவதா நின்ன?"

துணை சிஸ்டர் இருமினார். டெலியா மெதுவாக, "முக்காட்டுக்குள்ளேர்ந்து வெளிய நல்லாத் தெரியும் ஃபெஸ்டஸ். நான் உன்னைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். தலையெல்லாம் நரைச்சுப்போச்சே உனக்கு. அப்பாவையே பாத்தாப்ல இருந்துச்சு" என்றாள்.

அதனால் அண்ணா, இந்த வகையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாயிற்று என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தது நானில்லை, அவ்வளவுதான். அம்மாவின் முகத்தைப் பற்றித் தங்களுக்கு எழுத என்னிடம் இன்னும் ஒரு வரிகூட இல்லை. இனி ஆண்டகை மடத்தைப் பார்வையிட ஐந்து வருஷம் ஆகும். அதற்குள் டெவேன் சாமிக்கு வாத்துப் பயம் தெளியாதிருக்கவும், எனக்கு இந்தக் கோட்டுப் போதாமல் போகாதிருக்கவும் அண்ணி ஒரு செபமாலை சொல்லட்டும். பெக் தங்கள் இருவருக்கும் வந்தனம் சொல்கிறாள். அத்துடன் "கண்ணடிக்கிறதுக்கு வயசப் பாரு" என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னாள். தேவமாதா தங்கள் வீட்டுக் கதவையும் டிராமின் பிரேக்கையும் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் தம்பி,
ஃபெஸ்டஸ்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகும் வழியில் மடத்து வாசலைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் இத்தாவைச் சந்தித்தேன். "ஏன் ஃபெஸ்டஸ், உங்க வீட்டுலேர்ந்து மட்டும் ஒரு மனுவும் வரலையே? டெலியா ரெண்டு வருஷமா எங்கிட்டக் கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார். என்ன மனு என்று கேட்டேன். தாய் தகப்பன் இல்லாத சிஸ்டர்களைக் கூடப்பிறந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, அரைமணி நேரம், திரை விலக்கி, முக்காடு தூக்கிப் பார்க்கலாம் என்று ஆண்டகை அனுமதி கொடுத்திருக்கிறாராம். உள்கட்டு சிஸ்டர்கள் தாங்களாக வாய் திறந்து சொல்லக் கூடாதாம், வீட்டார்தான் எழுதிக் கேட்க வேண்டுமாம். முன்வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறதாம். நான் எப்போதும் காரைப் பின்பக்கம் நிறுத்திவிட்டு அந்த வழியாகவே வருகிறேனாம். பதினோரு குடும்பங்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டன. அந்த அனுமதிக் கடிதம் மடத்துக்குத் தபாலில் போகவில்லை அண்ணா. காரில் போனது. கொண்டுபோய்க் கொடுத்தது நான்.