மகளே, துடக்குக் கழிக்க வரவும்

நாரந்தனை,
திங்கட்கிழமை.

சென்னையில் நடிப்புத் தொழில் செய்யும் அன்பு மகள் பவதாரணிக்கு அப்பா ஆழ்வாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் மாடு இரண்டும் சுகம். நீ உயிரோடு நலமாக இருப்பதையிட்டு மகிழ்ச்சி. அதை ஊரை நம்பவைக்கிறதுதான் பெரும்பாடாய்க் கிடக்கு. போனிலை சொல்லுவமெண்டால் ‘ஷொட் ரெடி, அப்பா’ எண்டு வைக்கிறாய். அதாலைதான் கடிதம்.

பள்ளிக்கூட நாடகத்திலை நீ மரமாய் நிண்டனி. அசையாமல் நிண்டதுக்குப் பரிசு தந்தவை. பிறகு கொழும்பு ரீவியிலை சவர்க்கார விளம்பரம். அங்காலை இந்தியாப் படங்களிலை ஐஞ்சு தரம் கதாநாயகன்ரை தங்கச்சி. ஐஞ்சாவது படத்துக்கு வான் பிடிச்சு யாழ்ப்பாணம் போனம். பக்கத்து வீட்டு யாகப்பு அண்ணை கணவாய்ப் பொரியல் கொண்டுவந்தவர். திண்டு கைகழுவிக்கொண்டு தியேட்டருக்குள்ளை போக, நீ கலியாணம் முடிச்சுப் படத்தை விட்டே போட்டாய். சரி, அது வேறை கதை.

போன கிழமை உன்ரை ரீவி நாடகத்திலை உனக்கு மாமி நஞ்சு வைச்சவவெல்லே? உன்ரை படத்துக்கு மாலை போட்டு விளக்கும் கொளுத்திச்சினம். சுவிசிலை இருக்கிற உன்ரை மச்சான் மிதுஷன் அதை அரைகுறையாய்ப் பாத்துப்போட்டு, நீ செத்துப்போனாயெண்டு அழுது அழுது பேஸ்புக்கிலை போட்டிருக்கிறான். புளியங்கூடல் சொந்தக்காரர் தாங்கள் பிந்தக்கூடாதெண்டு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிச்சு, எங்கட சந்தி வரைக்கும் ஒட்டிப்போட்டினம். அதிலை உனக்கு இரண்டு வயசு கூட. அம்மாவுக்கு அதுதான் பெரிய கோவம்.

கோயில் தலைவர் கோபிசங்கர் படலைக்கு வெளியிலை நிண்டபடி, “அண்ணை, உங்களுக்கு முப்பத்தொரு நாள் செத்தவீட்டுத் துடக்கு, கோயிலுக்குள்ளை வரேலாது. உங்கட நாலாம் நாள் திருவிழாவை வேறை ஆக்களிட்டைக் குடுப்பம்” எண்டான்.

“டேய், அவள் நாடகத்திலைதான்ரா செத்தவள்!”

“எனக்கும் தெரியும் அண்ணை. ஆனால் நோட்டீஸ் ஒட்டியாச்சே. பாத்த சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?”

என்ரை அப்பு காலத்திலை இருந்து நாங்கள் செய்யிற திருவிழா, பிள்ளை. விட ஏலுமே? ஐயருக்கு உன்னைக் காட்டுவமெண்டு வீடியோக் கோல் எடுத்தன். நீ தலையை விரிச்சு, வெள்ளைச் சீலையோடை, வாயிலை இரத்தம் வடிய, ‘அப்பா!’ எண்டாய். நாடகத்திலை பேயாய்த் திரும்பி வாறனெண்டு முன்னமே சொல்லியிருக்கலாமெல்லே? ஐயர் திருநீறை அள்ளிப் போனுக்கு எறிஞ்சவர். இப்ப அது சார்ஜ் ஏறுதில்லை.

ஆனபடியால் நாடகத்தை விட்டிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, வாற மாதம் ஐஞ்சாம் திகதி வாற எங்கட திருவிழாவுக்கு முன்னம் வந்து சேர். கோயில் வாசலிலை பகலிலை ஒருக்கா நிண்டாப் போதும். பிள்ளையார் கிருபையால் நீ நூறு வயது வாழ்க.

இப்படிக்கு,
செத்துப்போகாத மகளின் அப்பா,
ஆழ்வாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டேக்கை கோபிசங்கர் திரும்பி வந்தான். திருவிழா எங்களுக்குத்தானாம், துடக்கும் பரவாயில்லையாம். சுவாமி வீதிவலம் வெளிக்கிடுறதும் எட்டு மணி, ரீவியிலை நீ பேயாய் வாறதும் எட்டு மணி. உன்னைப் பாக்கிறதை விட்டிட்டுத் திருவிழாச் செய்ய ஊரிலை ஒருத்தரும் ஓமெண்டேல்லையாம். “உங்களுக்கெண்டால் கதை முன்னமே தெரியுமெல்லே அண்ணை” எண்டுறான். நானும் ஓமெண்டிட்டன். ஆனபடியால் நீ வரவேண்டாம், அங்கையே பேயாய் நில். அண்டைக்கு என்ன நடக்குமெண்டு மட்டும் எனக்கு முதலே எழுதிப்போடு.