ஜவுபர் சேர் கை காட்டிய கடல்

ஜவுபர் சேர் இடப்பக்கம் திரும்பினார். கடலில் நின்ற தோணியும் இடப்பக்கம் திரும்பியது. இரு கைகளையும் மெல்ல உயர்த்தினார். தோணியிலிருந்து வலை கடலில் விழுந்தது. உயர்த்திய கைகள் உயர்த்தியபடியே நிற்க, அவரது முகம் வெளிறிப்போனது.

கணித ஆசிரியரான ஜவுபருக்கு இரத்த அழுத்தம். அது இறங்காவிட்டால் அடுத்த மாதம் மனைவியோடு மக்காவுக்கு உம்றா யாத்திரை போகச் சம்மதிக்க மாட்டேன் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மருந்தோடு, தாய்ச்சி என்னும் சீனத் தற்காப்புக் கலையையும் பழகுமாறு பரிந்துரைத்தார். நீருக்குள் அசைவதுபோல் கைகால்களை மெதுவாக அசைத்து, மூச்சையும் அதனோடு இசையவிட வேண்டும். வீட்டுக்குள் பழகி இரண்டு பூச்சாடிகளை உடைத்த பின்னர், மனைவி சுபைறா அவரைக் கல்முனைக் கடற்கரைக்கு அனுப்பிவைத்தார்.

அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும், கைத்தொலைபேசியைப் பார்த்தபடி பயிற்சி நடந்தது. இரண்டே கிழமையில் முழங்கால் நோவு போனது. நல்ல நித்திரையும் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் முக்கோணத்துக்கு நான்கு பக்கம் என்றபோதுகூட, "யோசிச்சுப் பாருங்க மகன்" என்று புன்னகைத்தார். வகுப்பே பயந்துபோனது.

பாடம் மனனமாகிவிட்டதால், அன்றுதான் முதன்முறையாகத் தலை நிமிர்ந்து கடலைப் பார்த்தார். கரைவலைக்காரருக்காக ஒருவர் கரையில் நின்று, மீன்கூட்டம் போகும் திசையைக் கையசைத்துக் காட்டுவது அக்கடற்கரையின் வழக்கம். அன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை கரையில் நின்று கையசைத்தவர் ஜவுபர் ஒருவரே.

வலை கரையேறியது. உள்ளே சொறிமுட்டைகள் எனப்படும் இழுதுமீன்கள் மட்டுமே வழுவழுத்துக் கிடந்தன. ஜவுபர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார்.

"நீங்க கையக் காட்டினா அவனுகள் வலையப் போடாம என்ன செய்வானுகள்?" என்றார் சுபைறா. "பத்துக் குடும்பத்துட சோத்துல மண்ணப் போட்டுட்டு வந்திரிக்கீங்க."

"அது மேகத்தத் தள்ளுற பயிற்சி, புள்ள."

"மேகத்தத் தள்ளுறெண்டு மீனெல்லாத்தயும் தள்ளிட்டீங்க. நாளைக்கு மத்தப் பக்கம் கையக் காட்டிச் சரிக்கட்டுங்க."

மறுநாள் எல்லா அசைவுகளையும் தலைகீழாகச் செய்தார். தோணி மூன்று முறை வட்டமடித்தது. வலை தோணியையே சுற்றிக்கொண்டது.

மூன்றாம் நாள், அசையாதிருப்பதே உத்தமம் என்று தீர்மானித்து மைல்கல்லைப்போல நின்றார். தோணியும் அசையவில்லை. அதிலிருந்த பத்துப் பேரும் அவரையே பார்த்தபடி இருந்தார்கள். மற்றத் தோணிகள் மீனோடு திரும்பின. ஜவுபரின் மூக்கில் ஓர் ஈ வந்து அமர்ந்தது. கையை உயர்த்தி விரட்டத் துணிவின்றிப் பொறுத்துப் பொறுத்து, ஈற்றில் பெரிதாகத் தும்மினார். தோணியில் பத்துத் தலைகளும் ஒருசேரக் குனிந்தன. பிழைப்பை எண்ணித் தலைகுனிகிறார்கள் போலும் என்று ஜவுபரின் நெஞ்சு கலங்கியது.

நான்காம் நாள் அவர் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. தோணிக்காரனான றிபாத் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினான்.

"சேர் வரல்லியா ராத்தா? எல்லாரும் அவரத்தான் பாத்துக்கு நிக்காங்க. தண்டயல் ஏத்திக்கு வரச் சொன்னார்."

தண்டயல் என்றால் தோணியை நடத்துபவர். அறைக்குள்ளிருந்து ஜவுபர் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"அவருக்கு வயித்து நோவாம் தம்பி" என்றார் சுபைறா, நிலத்தைப் பார்த்தபடி.

அந்தப் பொய்யும் உதவவில்லை. அரை மணித்தியாலத்தில் தண்டயல் அக்ரம், றிபாத் உட்பட ஐந்து பேர் ஒரு குலை இளநீரோடு நோய் விசாரிக்க வந்துவிட்டார்கள். அப்போது சுபைறா கணவரின் கையில் பட்டியைக் கட்டி அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூற்றி எண்பது! உம்றா போன மாதிரித்தான்."

ஜவுபரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கட்டிய பட்டியோடு கூடத்துக்கு வந்தார்.

"என்ன மன்னிச்சுக்கங்க தண்டயல். எனக்கு வயித்து நோவும் இல்ல, மீனப் பத்தி ஒண்டும் தெரியவும் தெரியா. நான் கையக் காட்டினது என்ட பிறசருக்கு. உங்கட பொழப்பையெல்லாம் கெடுத்துட்டன்."

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்ரம் இளநீர்க் குலையை மெல்லக் கீழே வைத்தார்.

"மீன் பாக்கிற ஆள் அங்கால எங்கட வாடிக் குடிசைக் கூரையில நிக்கான் சேர், நாங்கதான் இப்ப அவனப் பாக்கிறதில்ல" என்றான் றிபாத்.

ஜவுபரின் கையிலிருந்த பட்டி, புஸ்ஸென்று காற்றிறங்கியது.

"ரெண்டு கிழமையா உங்களப் பாத்துச் செஞ்சு எங்கட முதுகு நோவெல்லாம் போயிட்டு" என்றார் அக்ரம். "அந்த ஒத்தக் கால்ல நிக்கிறத மட்டும் தோணிக்குள்ள எப்பிடிச் செய்யிறெண்டு காட்டித் தாங்க சேர், ரெண்டு பேர் கடலுக்குள்ள விழுந்துட்டானுகள்."