மாப்பிள்ளை காட்டிய படம்

சினிமாப் பைத்தியங்களில் இரண்டு வகை உண்டு. கதையைப் பார்க்கிறவர்கள் ஒரு வகை, நடிகரைப் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையால் குடும்பத்துக்கு ஆபத்தில்லை. நான் இரண்டாம் வகை.

எனக்கு ஒரு தெய்வம் இருந்தார். கறுப்பு வெள்ளைக் காலத்து நடிகர். (பெயர் சொல்ல மாட்டேன். என் மாமியார் வீட்டில் அந்தப் பெயருக்கு இன்னும் தடை இருக்கிறது.) அவர் ஒரு புருவத்தைத் தூக்கினால், பெரம்பலூர் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கும் நான் இரண்டு புருவத்தையும் தூக்குவேன். கண்ணாடி முன்னால் நின்று அவரைப் போல அழுதுகூடப் பழகியிருக்கிறேன். அழுகை வரும், அவர் முகம்தான் வராது.

எழுபதுகளின் கடைசியில், ஒரு தை மாதத்தில், எனக்கு அரியலூரில் கல்யாணம் ஆனது. மாமியார் வீட்டு விருந்துக்குப் போனால் புது ஜோடியை சினிமாவுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். ஜோடி என்பது பேருக்குத்தான். கூடவே மாமியார், அவர் தங்கைகள், மைத்துனன் என்று ஒரு வரிசையே கிளம்பும். மாமியார் சாமி படம் போகலாம் என்றார். இன்னொரு கொட்டகையிலோ என் தெய்வத்தின் பழைய படம் மறுபடி வந்திருந்தது. விடுவேனா?

"சாமிய எப்ப வேணா பாத்துக்கலாம் அத்தை. நடிப்புன்னா என்னன்னு இன்னிக்கு நீங்க பாக்கணும்."

மாப்பிள்ளைக்கு எதிர்ப்பேச்சு கிடையாத காலம். "நல்ல படந்தானே மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

"குடும்பப் படம்" என்றேன். பொய்யில்லை. படத்தில் குடும்பம் இருந்தது.

அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவன் நான். பார்த்ததெல்லாம் அவர் முகத்தைத்தான். அதில் என்ன கதை ஓடுகிறது என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், மாமியாரோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. என் தெய்வம் அதில் ஒரு புது மாப்பிள்ளை. அவருக்கு இருமல். மனைவிக்குத் தெரியாமல் கைக்குட்டையில் ரத்தத்தை மறைக்கிறார். மாமியார் வீட்டு விருந்தில், இலையில் பாயசம் விழும் நேரத்தில், அப்படியே சாய்ந்து செத்துப் போகிறார்.

திரையில் வளையல்கள் உடைந்தன. எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மாமியார் என் மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"எந்திரிடி. தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்க. நட."

அந்த நேரத்திலாவது ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு எழுந்திருக்க வேண்டாமா? நான் சொன்னேன்: "ரெண்டே நிமிசம் அத்தை. செத்தப்பறமும் அந்த மொகத்தப் பாருங்க. இடைவேளைக்கு மேல அவரே தம்பியா வேற வருவாரு."

இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் விடியும் முன்பே பரிகாரம் செய்யத் திருமழபாடிக்குக் கூட்டிப் போனார்கள். நந்திக்கே கல்யாணம் செய்து வைக்கிற கோயில், அங்கே போனால் கெட்டது அண்டாது என்று மாமியார் நம்பினார். முதலில் கொள்ளிடத்தில் தலை முழுகச் சொன்னார்கள். தை மாதத்து விடியற்காலைத் தண்ணீர். முழுகினேன். சாயங்காலமே எனக்கு இருமல் வந்துவிட்டது.

வெறும் சளி இருமல்தான். யார் நம்புவது? நான் இருமினால் அடுப்படியில் பேச்சு நின்றது. கைக்குட்டையை எடுத்தால் மைத்துனன் எட்டிப் பார்த்தான். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். மாமியார் அசையவில்லை. "அந்தப் படத்துலயும் டாக்டரு இப்படித்தான் சொன்னாரு."

கடைசியில் மாமனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முந்திரி வியாபாரி, நிதானமானவர். "தப்பா நெனைக்காதீங்க மாப்ள. ஒடம்பு தேறட்டும். அதுவரைக்கும் பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கட்டியவளோடு அதுவரை நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. தனியாகப் பெரம்பலூர் திரும்பினால் ஊர் என்ன பேசும்? அதைவிட, அவள் என்னை என்னவென்று நினைப்பாள்? பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கே அவள் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?" என்றார் மாமியார்.

"இவரோடதான். பாதிப் படத்துல இழுத்துட்டு வந்துட்டியேம்மா. அந்தத் தம்பி வந்து என்ன பண்ணுனான்னு தெரியாம எனக்குத் தூக்கமே இல்ல. மீதிக் கதை இவருக்குத்தானே தெரியும்."

எனக்கும் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. பெரம்பலூர் வரைக்கும் பஸ்ஸில் ஒரு கதையை நானே கட்டி, எல்லா வேஷத்தையும் நானே நடித்து, ஒருத்தரையும் சாகவிடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

இருமல் போய்விட்டது, கெட்ட பேர் போகவில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்தப் புது ஜோடி விருந்துக்கு வந்தாலும், அவர்கள் பார்க்கப் போகும் படத்தை முதலில் நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று மாமியார் சட்டம் போட்டுவிட்டார். என் மகள் கல்யாணம் வரைக்கும் அதுதான் நடைமுறை. திரும்பி வந்து நடிப்பைப் பற்றி நான் வாயெடுத்தால் யாரும் காது கொடுப்பதில்லை. மாமியார் என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்:

"அதுல யாராச்சும் இருமுறாங்களா மாப்ள?"