1970-இல் வேலைக்கு வந்தவர்

எங்கள் பாளையங்கோட்டை விடுதியில் தண்ணீர் மோட்டார் போடும் அண்ணாச்சிக்குக் கோபம் வராத பொருள் உலகத்தில் கிடையாது. சுவிட்சைத் திட்டிவிட்டுத்தான் போடுவார். தொட்டி நிரம்பினால் தொட்டிக்கும் ஏச்சு. எல்லாரையும்விட அதிகமாக வாங்கியவன் விடுதியின் கம்ப்யூட்டர் ஆளான நான். முழுத் தகுதியோடு வாங்கினேன்.

வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் மெஷின் வந்திருந்தது. கரண்ட் போனாலும் அதன் கடிகாரம் ஓட, உள்ளே ஒரு சின்ன பேட்டரி. அது செத்துப்போனது. மாற்ற ஐந்து நிமிடம் போதும். நானோ ராத்திரி கரண்ட் போன நாளெல்லாம் எட்டு மணிக்கு வந்து நேரத்தைக் கையால் திருத்திக்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனத்துக்காக இவ்வளவு உழைத்தவன் ஜில்லாவிலேயே கிடையாது.

எட்டு மணிக்கு முன் விரல் வைக்கும் ஒரே ஆள் அண்ணாச்சி. விடியுமுன் வந்து தண்ணீர் ஏற்றுவார். மாதக் கடைசியில், விடுதியிலேயே தங்கியிருக்கும் மேனேஜர் ஒரு தாளை அவரிடம் நீட்டி, "பன்னிரண்டு நாள் வரவே இல்ல. உங்கள வேலைய விட்டு நிறுத்துறோம்" என்றார்.

தாளைப் பிடுங்கிக்கொண்டு அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். பன்னிரண்டு வரியிலும் ஒரே பதிவு: 1970 ஜனவரி 1, காலை ஐந்தரை.

"ஏலே, அன்னைக்கு நான் பொறக்கவே இல்லலே!"

"கம்ப்யூட்டருக்குத் தேதி தெரியாது அண்ணாச்சி. அந்த நாள்லேருந்து எத்தன செகண்டு ஆச்சுன்னு எண்ணிக்கிட்டே இருக்கும். அந்தக் கணக்கத்தான் தேதியா மாத்திக் காட்டும். பேட்டரி செத்து, கரண்டும் போனா எண்ணிக்கை மறந்துரும். நான் வந்து திருத்துற வரைக்கும் பூஜ்யத்துலயே நிக்கும்."

"அதென்ன அஞ்சர?"

"லண்டன் பக்கம் கிரீன்விச்னு ஒரு ஊரு. அந்த ஊர்க் கணக்குக்கு ராத்திரி பன்னெண்டுன்னா நமக்கு அஞ்சர."

"வெள்ளக்காரன் கொறட்ட விடுததுக்கும் நான் மோட்டார் போடுததுக்கும் என்னலே சம்பந்தம்? பேட்டரி செத்து எத்தன நாளாச்சு?"

சொன்னேன். அடுத்து அவர் சொன்னதை அச்சிட முடியாது. என் சட்டையைப் பிடித்து மேனேஜர் அறைக்கு இழுத்துப்போனார்.

"சார், பன்னெண்டு நாளு நான் வரல. சரி. அந்தப் பன்னெண்டு நாளும் நீங்க எந்தத் தண்ணியில குளிச்சிய? இல்ல, குளிக்கவே இல்லையா?"

மேனேஜர் தாளை மடித்தார். ஆனால் கோபம் அடங்கவில்லை. "அப்போ இது யார் தப்பு? ஒருத்தன் இன்னைக்கு வீட்டுக்குப் போயாகணும்."

அண்ணாச்சி என்னை முறைத்தார். மீசை துடித்தது.

"மெஷினு தப்பு சார். இந்தப் பய என்ன செய்வான்?"

வெளியே வந்ததும், நான் பேட்டரி மாற்றி முடிக்கும்வரை தலைக்கு மேல் நின்று ஏசித் தீர்த்தார். யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லித் திட்டுகிற மனிதர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.