காய்ச்சல் இல்லாத வார்டு

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் ஐந்தாம் வார்டில் மூன்று ஆண்டுகளாக ஒருவருக்கும் காய்ச்சல் வந்ததில்லை. இது புரளி அல்ல, பதிவேட்டில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த இருபது பேர் படுத்திருக்கும் கூடம் அது. யார் வந்து படுத்தாலும் மூன்று வேளையும் உடம்பின் சூடு தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. நடுவில் இறந்துபோன இருவரும்கூட அதே சூட்டில்தான் போய்ச் சேர்ந்தார்கள். இந்தச் சாதனையைப் பாராட்டி வாசலில் ஒரு கேடயம் மாட்டியிருந்தது.

கேடயத்துக்குக் காரணம் பழைய டெக்னீஷியன். நோயாளிக்குச் சூடு, நாடி, ரத்த அழுத்தம் பார்த்து எழுதுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், உடம்பு துடைத்து விடுவதும் டெக்னீஷியன் வேலை. ஆஸ்பத்திரி ஏணியில் அதுதான் கடைசிப் படி. இவருக்கு நோயாளிகள் நாங்கள் வைத்த பெயர் நார்மல் அண்ணன். வாசலில் நின்றபடியே "நார்மல், நார்மல்" என்று எங்களை எண்ணிவிட்டு, திங்கட்கிழமை காலையிலேயே ஞாயிறு இரவு வரைக்கும் எழுதி முடித்துவிடுவார். தெர்மாமீட்டர்ப் பெட்டியின் சீல்கூட உடையவில்லை. அரசாங்கச் சொத்தின் மேல் அவ்வளவு அக்கறை! அவரைப் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பதவி உயர்த்தி அனுப்பினார்கள்.

அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் ஐந்து மாதம் வேறு வார்டில் ஓடியிருந்தது. இந்த ஒரு மாதத்தையும் ஒழுங்காகத் தாண்டினால் வேலை நிரந்தரம். தாண்டாவிட்டால் வீடுதான். அப்படிப்பட்டவள் வந்த முதல் நாளே ஒரு காரியம் செய்தாள். சீலை உடைத்தாள்.

அன்றைக்கு மட்டும் பதினோரு பேருக்குக் காய்ச்சல். ஒன்பதாம் கட்டில் பஸ் டிரைவருக்கு நூற்றுமூன்று. டாக்டர் ஓடி வந்து கட்டைப் பிரித்தால் உள்ளே சீழ். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ஆள் கிடைச்சிருக்க மாட்டார்" என்றார். டிரைவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அவள் பத்தாம் கட்டிலுக்கு, அதாவது என்னிடம், வரும் வரைக்கும்தான்.

"நூத்தியொண்ணு இருக்கு அண்ணே."

பித்தப்பையை எடுத்துவிட்டு மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவன் நான். காய்ச்சல் விட்டு மூன்று நாள் ஆகாமல் டிஸ்சார்ஜ் கிடையாது.

"ஏம்மா, நேத்து வரைக்கும் எனக்கு நார்மல்தானே?"

"நேத்து யாரும் பாக்கலையே."

"பாக்காம இருந்தப்போ நல்லாத்தானே இருந்தேன்?"

அன்று மாலையே அவள் மேல் ஒரு புகார் மனு போனது. பதினோரு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

இரண்டாம் நாள் அவளுக்கு மெமோ வந்தது. 'தாங்கள் பணியேற்ற நாள் முதல் மேற்படி வார்டில் இதுகாறும் இல்லாத காய்ச்சல் ஏற்பட்டுள்ளமை இவ்வலுவலகத்தின் கவனத்திற்கு வந்துள்ளது. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.' விசாரணைக்கு நிர்வாக அதிகாரியே வார்டுக்கு வந்து தலைமை நர்ஸின் மேஜையில் உட்கார்ந்தார்.

"நீங்க இந்த வார்டுக்கு வந்தது என்னிக்கு?"

"ஒண்ணாம் தேதி சார்."

"வார்டுல முதல் காய்ச்சல்?"

"அதுவும் ஒண்ணாம் தேதிதான் சார்."

"நான் ஒண்ணும் சொல்லலை. தேதி சொல்லுது."

"நான் அளந்து பாத்தேன் சார், அதனாலதான்..."

"அதைத்தான் கேக்கறேன். எதுக்கு அளந்தீங்க? 'உடல் வெப்பநிலை மூன்று வேளையும் பதிவு செய்யப்பட வேண்டும்.' இதுதான் உத்தரவு. இதுல அளக்கச் சொல்லி எங்கயாவது இருக்கா?"

அவள் உத்தரவை இரண்டு தடவை படித்தாள். இல்லைதான்.

அன்றே புது உத்தரவு வந்தது. தொண்ணூற்றொன்பதுக்கு மேல் எதை எழுதுவதானாலும் நிர்வாக அதிகாரியின் முன் அனுமதியை எழுத்து மூலம் பெற வேண்டும். அந்தப் பெண் அதற்குக் கட்டுப்பட்டாள். பதிவேட்டில் எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு எழுதினாள். ஆனால் அளப்பதை நிறுத்தவில்லை. உண்மையான எண்ணைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி டாக்டர் கையில் வைத்துவிடுவாள். டாக்டர் வாயால் சொல்வார், அவள் மாத்திரை கொடுப்பாள். எங்களுக்குக் காய்ச்சல் விட ஒரு வாரம் ஆனது. பதிவேட்டில் ஒரே நாளில் விட்டுவிட்டது.

"பாத்தீங்களா, மனசு வெச்சா முடியுது" என்று அதிகாரி அவளைப் பாராட்டினார்.

அந்த வாரக் கடைசியில் அவருக்கே ஒரு கட்டி வந்தது. அதிகாரிகளுக்கு எந்த இடத்தில் வந்தால் வேலை கெடுமோ, சரியாக அந்த இடத்தில். அறுத்துவிட்டுக் கொண்டுவந்து என் பக்கத்துக் கட்டிலில் குப்புறப் போட்டார்கள். சாயங்காலம் நூற்றுமூன்று.

"எழுதும்மா! டாக்டரைக் கூப்பிடு!"

"எழுத உங்க முன் அனுமதி வேணும் சார்."

"தரேன், பேனாவைக் கொடு!"

தலைமை நர்ஸ் குறுக்கிட்டார். "நீங்க லீவுல இருக்கீங்க சார். இப்போ போடற கையெழுத்து செல்லாது."

"என் இடத்துல இருக்கறவரைக் கேளுங்க!"

"கேட்டாச்சு சார். மேலதிகாரிக்குக் காய்ச்சல்னு கீழ இருக்கறவர் எப்படி எழுதறதுன்னு பயப்படறார்."

அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதார். அன்றும் ஒரு காலண்டர் தாள்தான் டாக்டரைக் கூட்டி வந்தது. பன்னிரண்டு மாத்திரை சாப்பிட்டு மூன்றாம் நாள் எழுந்தார். பதிவேட்டில் மூன்று நாளும் நார்மல்.

நானும் வீடு வந்து சேர்ந்தேன். இருபது நாள் கழித்து, சாட்சி சொல்ல வரும்படி கடிதம் வந்தது. குற்றச்சாட்டு இதுதான்: காய்ச்சலே இல்லாத வார்டில் நானூற்று முப்பது காய்ச்சல் மாத்திரைகள் தீர்ந்திருக்கின்றன. திருட்டு. அவளுக்குத் தகுதிகாண் பருவம் முடிய இரண்டு நாள் பாக்கி.

விசாரிக்கிறவர் அதே அதிகாரி, இப்போது மெத்தை போட்ட நாற்காலியில்.

"அதுல பன்னெண்டு நீங்க சாப்பிட்டது சார்" என்றாள் அவள்.

"நானா? எனக்கு எப்போம்மா காய்ச்சல் வந்தது? பதிவேட்டைப் பாரு. உன் கையெழுத்துதானே?"

அவள் காலண்டர் தாள்களை மேஜையில் வைத்தாள். கிழித்த தாள் ஆவணம் ஆகாது என்றார்கள். டாக்டரைப் பார்த்தாள். முன் அனுமதி இல்லாமல் வைத்தியம் பார்த்தவர் அவர், அதனால் தரையைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்து அழுத பஸ் டிரைவர், உடல்தகுதிச் சான்றிதழ் போய்விடும் என்று பயந்து, தலைவலிகூட வந்ததில்லை என்றார்.

கடைசியில் நான்.

"காய்ச்சல் இருந்ததுன்னா உங்க டிஸ்சார்ஜ் செல்லாது. இப்பவே வந்து திரும்பப் படுக்கணும்" என்றார் அதிகாரி. "சொல்லுங்க, இருந்ததா?"

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் வெந்நீரும் மெத்தையும் இருந்தன.

"நார்மல் சார்" என்றேன்.

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனாள். தெர்மாமீட்டர்ப் பெட்டிக்கு மறுபடி அரக்கு வைத்தார்கள். கேடயத்தைத் துடைத்து மாட்டினார்கள்.

இதை நான் பத்தாம் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். பித்தப்பை எடுத்துத் தையல் போட்ட இடம் போன வாரம் வீங்கிக்கொண்டது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் தந்தியடிக்கிறது. இன்று திங்கட்கிழமை. காலையில், பழைய வேலைக்கே திரும்பி வந்துவிட்ட நார்மல் அண்ணன் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உடம்பு கொதிக்குது. ஒரு தடவை தொட்டாவது பாருங்க" என்று கெஞ்சினேன்.

"அட, நீங்களா! நார்மல்னு நீங்களே சாட்சி சொல்லியிருக்கீங்களே" என்று சிரித்துவிட்டு, எனக்கு ஞாயிறு இரவு வரைக்கும் எழுதிவிட்டுப் போனார்.