ஆறாவது சத்தம்

நிசப்தம் சார் தன்னுடைய முதல் கண்டுபிடிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தார்.

அது லேசில் வருவதாக இல்லை. காரின் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை அது. வெயிலில் இளகாது, மழையில் ஊறாது, இருபது வருஷமானாலும் கதவோடு உரசிக் கீச்சிடாது என்று காப்புரிமை விண்ணப்பத்தில் அவரே பதினேழு பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். எழுதியது அத்தனையும் உண்மை என்று இப்போது தெரிந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு இன்னும் பலமாக நெம்பினார்.

அவருக்கு ஒரு சத்தம் தேவைப்பட்டது. அதுவும் பத்து மணிக்குள். பத்து மணிக்கு மனைவி வீடியோ காலில் வருவாள்.

மகளுக்குப் பிரசவம் என்று மூன்று மாதத்துக்குக் கடல் தாண்டிப் போனவள் அவள். ஐந்து மாதம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பா, பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும் அம்மா இங்கயே இருக்கட்டுமா? நீங்க தனியா சமாளிச்சுக்குவீங்கல்ல?"

"எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன். தாராளமா இருந்துட்டு வரட்டும்."

குழந்தை அழுகிறது என்று மனைவி எழுந்து போனாள். குழந்தை அழுத மாதிரி இவருக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு ராஜா அரை மணி நேரம் இருட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, சட்டைக் காலர் அயர்னில் கருகியது, அதெல்லாம் ஒரு பெரிய விஷயமில்லை. அவள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் "நீ இல்லாம முடியல, வந்துடு" என்று சொல்லும் வாய் அவருக்கு வாய்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். காபி வேண்டுமென்றால்கூட, "மணி நாலாயிடுச்சு போல" என்றுதான் சொல்வார்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பதுதானே அவர் தொழில்.

கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவர். அவர் பெயரில் ஆறு காப்புரிமைகள். ஆறும் காரில் ஏதோ ஒரு சத்தத்தை ஒழிப்பதற்கானவை. அதனால்தான் தொழிற்சாலையில் நிசப்தம் சார் என்று பெயர் வைத்தார்கள், தெரு வரைக்கும் அது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆறு சான்றிதழ்களும் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசை பிசகாமல் ஹாலில் தொங்குகின்றன. ஓய்வு பெற்றபோது கம்பெனியின் பழைய சோதனைக் காரையே விலைக்கு வாங்கிக்கொண்டார். ஆறு கண்டுபிடிப்புகளும் அதற்குள் இருந்தன. தெருவில் அந்தக் கார் வந்தால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது.

இதில் வெளியே தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இளவயதில் தகடு அடிக்கும் பிரிவில் வேலை பார்த்ததில் அவர் காது பாதி போய்விட்டது. மெல்லிய சத்தம் எதுவும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனைக் காரில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுவார். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். "நிறுத்துங்க. என் பக்கம், பின்னால, கீழ. எலிக்குட்டி கீச்சுங்குது" என்பாள். இவர் இறங்கிப் பிரித்துப் பார்த்தால் கோளாறு அங்கேதான் இருக்கும். ஆறு கண்டுபிடிப்பும் அப்படிப் பிறந்தவைதான். சான்றிதழில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மட்டும் ஒரே ஒரு பெயர் இருந்தது. அவள் ஊருக்குப் போன பிறகு கண்ணாடிச் சட்டங்களைத் தூசி தட்டியபோதுதான் அதை அவர் கவனித்தார். அன்றைக்கு முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆக, திட்டம் இதுதான். காரில் சத்தம் வரவேண்டும். எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் தெரியக்கூடாது. "நான் வந்து பாக்கறேன்" என்று அவளாகவே சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு மனைவி திரையில் வந்தாள். மகள் அவள் தோளில் சாய்ந்திருந்தாள்.

"கார்ல என்னவோ சத்தம் வருது. எங்க இருந்துன்னே பிடிபடல" என்றார் நிசப்தம் சார். போனைக் கதவருகே பிடித்து, கதவை நாலு தடவை ஆட்டினார். அவர் காதுக்கே கேட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றாள் மகள்.

"உனக்கு எங்கடி கேக்கும். இது பழகின காது" என்றாள் மனைவி. "இன்னொரு தடவை ஆட்டுங்க."

ஆட்டினார். அவள் கண்ணை மூடினாள், தலையைச் சாய்த்தாள்.

"கதவு ரப்பர். ஒரு பக்கம் விட்டிருக்கு. அமுக்கி விடுங்க, சரியாப் போயிடும்."

இத்தனை தூரத்திலிருந்து இந்தக் காதா என்று நிசப்தம் சாருக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டு என்ன செய்ய, அவள் வருவதாகச் சொல்லவில்லையே.

அடுத்த ஞாயிறு பிரேக். அவர் சட்டைப் பொத்தானையே மேலிருந்து கீழாக வரிசையாகப் போடுகிற மனிதர். ஒன்று முடிந்தால் அவருக்கு இரண்டுதான். பிரேக் கட்டைக்குப் பின்னால் வைக்கும் மெல்லிய தகடு அவருடைய இரண்டாவது காப்புரிமை. அதைக் கழற்றினார். வாசலில் காரை முன்னால் ஓட்டிப் பிரேக் போட்டார். எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மனைவி அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "பிரேக் கட்டைக்குப் பின்னால ஒரு தகடு வைப்பீங்களே, அது இடம் மாறியிருக்கு."

மகள் கைதட்டினாள். "பாத்தீங்களாப்பா. அம்மா அங்க வரவே வேணாம். இங்க இருந்துக்கிட்டே காரை ரிப்பேர் பண்ணிடறாங்க."

அவளைக் கூப்பிடப் போட்ட திட்டம், அவள் வரத் தேவையில்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தது.

கழற்றினதை மாட்டவும் அவருக்கு மனசு வரவில்லை. இருக்கட்டும், சத்தத்தோடு சத்தம் கலந்தால் அவள் குழம்புவாள் என்று அப்படியே விட்டுவிட்டார்.

மூன்றாவது கொஞ்சம் பெரிய வேலை. பின் சக்கரத்துக்கு மேலே, அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ். காரைத் தூக்க வேண்டும். தெருமுனை மெக்கானிக்கிடம் போனார்.

"இந்தப் புஷ்ஷைக் கழட்டிட்டு, தேஞ்சு போன பழசு ஒண்ணு போட்டுக் குடுப்பா."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். "சத்தம் வருதுன்னு வருவாங்க சார். சத்தம் வரலைன்னு வந்த மொத ஆளு நீங்கதான்."

"ஒரு ஆராய்ச்சி."

கழற்றியதை மெக்கானிக் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கல்லு மாதிரி இருக்கே சார், தேயவே இல்ல. எவன் கண்டுபிடிச்சானோ, எங்க பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டான்."

"நல்ல மனுஷனாத்தான் இருப்பான்" என்று மட்டும் சொன்னார் நிசப்தம் சார்.

ஞாயிறன்று தெருவின் மேடு பள்ளத்தில் காரை ஏற்றி இறக்கினார். மனைவி கண்ணை மூடினாள். "கீழ, பின் சக்கரத்துப் பக்கம். புஷ் போயிருக்கு."

நாலாவது, டேஷ்போர்டைப் பிடித்திருக்கும் கிளிப். அவர் கலவை செய்த பிளாஸ்டிக், சூட்டில் சுருங்காது. எட்டு கிளிப்பையும் பிடுங்கினார். கண்டுபிடித்துவிட்டாள். ஐந்தாவது, சீட் நகரும் தண்டவாளத்துக்குள் வைக்கும் பட்டை. அதையும் கண்டுபிடித்தாள். அதற்குள் கார் ஒரு பாத்திரக்கடை நடந்து வருவதுபோல் ஆகியிருந்தது. காய்கறிக் கடையில், "நிசப்தம் சார் வரார், காதைப் பொத்திக்கோங்க" என்று யாரோ சொன்னது அவர் பாதிக் காதிலேயே விழுந்தது. இத்தனை இரைச்சலுக்கு நடுவில் புதிதாகச் சேர்ந்த ஒன்றை மட்டும் அவள் எப்படிப் பிரித்து எடுக்கிறாள் என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோனார். நினைக்க நினைக்க அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிவிட்டு அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அதைத் திரையில் பார்ப்பதற்காகவே இன்னும் பத்து காரைக் கழற்றலாம் என்றும் தோன்றியது.

போனை வைக்கும் முன் மகள் சொன்னாள்: "அப்பா, அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள டிக்கெட் தேதியை மாத்தணும். ஏழு மாசம் தள்ளிப் போட்டுடறேன். சரிதானே?"

"ம்" என்றார்.

மிச்சமிருந்தது ஒன்றுதான். சைலன்சரைக் காரின் அடியில் தொங்கவிட்டுப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்கள். ஆறாவது காப்புரிமை. மொத்தம் மூன்று வளையம். இரண்டைக் கழற்றினால் போதும், கடகடவென்று ஆடும். இதையும் அவள் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு மேல் கழற்றுவதற்குக் காரில் அவருடையது எதுவுமில்லை. ஞாயிறு காலை, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது வளையத்தையும் கழற்றிவிட்டு, சைலன்சரைக் கம்பியால் கட்டினார்.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போனை முன்னால் பொருத்தி, மனைவியின் முகத்தைப் பார்த்தபடி தெருவில் கிளம்பினார். முதல் வேகத்தடையில் கம்பி அறுந்தது.

சைலன்சர் நடுத்தெருவில் விழுந்து, ஒரு முனை காரிலேயே மாட்டிக்கொண்டு, தார் ரோட்டை உழுதுகொண்டே வந்தது. மற்ற ஐந்தும் ஒத்து ஊதின. என்ஜின் விமானம்போல் அலறியது. வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. எதிர்வீட்டு டீச்சர் கையில் விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவோடு வாசலுக்கே வந்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே எல்லாருடைய வாயும் அசைந்தது. நிசப்தம் சார் வண்டியை ஓரம் கட்டினார். அசடு வழிந்த முகத்தோடு திரையைப் பார்த்தார்.

மனைவி கண்ணை மூடியிருந்தாள்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

"இதுக்கு மேல போட முடியாதும்மா."

கதவைத் தட்டி என்னவோ கேட்ட டீச்சரை அவர் பார்க்கவே இல்லை.

"இது என்னன்னு எனக்குப் பிடிபடலைங்க" என்றாள் மனைவி. "நேர்ல வந்து கேட்டாத்தான் தெரியும் போல."

"ஒரு கார் சத்தத்துக்காகவாம்மா?" என்றாள் மகள்.

"பாவம்டி. எத்தனை நாள்தான் அவர் இதை வெச்சுக்கிட்டு அல்லாடுவார்."

நிசப்தம் சார் பழக்கதோஷத்தில், "அவசரமில்ல, மெதுவா வா" என்றார். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "வியாழக்கிழமைக்குள்ள வந்தா நல்லாயிருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

மெக்கானிக் வந்து காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனான். ஆறு கண்டுபிடிப்புகளையும் ஒரு துணிப்பையில் போட்டு, "எல்லாத்தையும் பழையபடி மாட்டிடுப்பா" என்று கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்தே வந்தார். வரும் வழியில் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார். அடுப்பைத் தேய்த்துக் கழுவினார். அலமாரியில் அவள் புடவைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார். வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு ஹாலில் நின்று, ஆறு சட்டத்தையும் காட்டி, இதிலெல்லாம் உன் பெயர் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். கண்ணாடி முன்னால் இரண்டு தடவை சொல்லியும் பார்த்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிட்டான். "மாமா, டிக்கெட் போட்டாச்சு. அத்தை புதன்கிழமை காலையில வந்துடுவாங்க."

புதன்கிழமை என்றதும் நிசப்தம் சாருக்குச் சிரிப்பு வாய் கொள்ளவில்லை. "கடைசியில உங்க அத்தை காதையே ஜெயிச்சுட்டேன் பாத்தீங்களா மாப்பிள்ளை. காலையில போட்ட சத்தத்துல உங்க வீடே அதிர்ந்திருக்குமே."

"எந்தச் சத்தம் மாமா?"

"என்ன மாப்பிள்ளை, கார் சத்தம்தான். ஆறு வாரமா போட்டுக் காட்டறேனே."

"இந்த வீடியோ கால்ல மனுஷப் பேச்சு மட்டும்தான் மாமா வரும். மத்த சத்தத்தையெல்லாம் அதுவே வடிகட்டிடும். உங்க கார் சத்தம் ஒண்ணுகூட இங்க வந்ததில்ல."

நிசப்தம் சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அப்புறம் எப்படி அவ ஒவ்வொண்ணையும் அவ்வளவு கரெக்டா சொன்னா?"

மாப்பிள்ளை குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்:

"அத்தை மொத ஞாயித்துக்கிழமையே என்கிட்ட சொல்லிட்டாங்க மாமா: 'அவர் ஹால்ல மாட்டியிருக்கற வரிசைப்படிதான் கழட்டுவார் மாப்பிள்ளை, ஆறும் முடிஞ்சதும் எனக்கு டிக்கெட் போட்டுடுங்க, கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல இப்பத்தான் என்னை வான்னு கூப்பிடறார், ஆறு தடவையும் ஆசை தீரக் கேட்டுக்கறேன்.'"